அந்த விடைக்கு முழு மதிப்பெண் உண்டு

அமெரிக்க அரசியலமைப்பை அந்நாட்டு மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட வரலாற்றைக் கல்லூரி வகுப்பில் ஆண்டுக்கணக்காக நடத்தியவன் நான். நேர்மையாக நடத்தவில்லை. பாதியைத்தான் சொன்னேன். மறுபாதியைத் தெரியாததால் விட்டது கொஞ்ச காலம். தெரிந்தும் விட்டது அதைவிட அதிக காலம்.

என் குறிப்பேட்டில் இருந்தது இவ்வளவுதான். 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியா மாநாடு முடிந்தது. 13 மாநிலங்களில் 9 ஒப்புதல் தந்தால் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும். ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் பப்ளியஸ் என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதி வாதாடினார்கள். 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. எதிர்த்தவர்களுக்கு ஒரே வரி: தங்கள் அதிகாரம் கைவிட்டுப் போகிறதே என்று பயந்த உள்ளூர்த் தலைவர்கள். அதை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

பென்சில்வேனியாவில் நடந்ததை ஒருநாளும் சொன்னதில்லை. பிலடெல்பியா மாநாடு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை; அதற்குள் ஒப்புதல் மாநாட்டுக்குத் தேதி குறிக்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்ப்பாளர்கள் சட்டமன்றத்துக்கு வராமல் இருந்தார்கள். அவை கூட 46 பேர் வேண்டும். இருந்தது 44. செப்டம்பர் 29 அன்று ஒரு கும்பல், உறுப்பினர்கள் தங்கியிருந்த இடத்துக்கே போய் இரண்டு பேரைத் தெருவழியே இழுத்து வந்து இருக்கையில் உட்காரவைத்தது. அவர்களில் ஒருவரான மெக்கால்மன்ட் எழுந்து வெளியேறப் பார்த்தார், விடவில்லை. 46 ஆகிவிட்டது, தீர்மானமும் நிறைவேறியது. மக்கள் கலந்து பேசி ஒப்புதல் தந்தார்கள் என்று நான் கரும்பலகையில் எழுதிய வாக்கியத்துக்குள் இந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

ஒரு மாணவி. தமிழ்வழி, முதல் தலைமுறைப் பட்டதாரி. இன்டர்னல் தேர்வில் என் குறிப்பை எழுதாமல் சொந்தமாக எழுதியிருந்தாள். குடிமக்களின் உரிமைகளுக்கென்று ஒரு பட்டியலே அந்தச் சட்டத்தில் இல்லாதபோது, அதைக் கேட்டு எதிர்த்தவர்களைப் பயந்தவர்கள் என்று எப்படிச் சொல்லலாம்? இதுதான் அவள் வாதம். சிவப்பு மையில் அந்தப் பத்தியைச் சுழித்து ‘பாடத்தில் இல்லை’ என்று எழுதினேன். பாதி மதிப்பெண் போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு துறை அறைக்கு வந்தாள். “நோட்ஸ்ல குடுத்ததை எழுதும்மா, போதும்” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டாள். அடுத்த தேர்வில் என் குறிப்பை வரி பிசகாமல் எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன்.

அவள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியவில்லை என்பது உண்மை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஒரு நாடு உருவாகும்போது குறுக்கே நின்று கேள்வி கேட்பவன் இடைஞ்சல்காரன் என்று நான் மனதார நம்பினேன். வென்றவர்கள் எழுதியதை மட்டும் படித்தேன். அவர்கள் அழகாகவும் எழுதியிருந்தார்கள்.

பிறகுதான் மாசசூசெட்ஸ் ஒப்புதல் மாநாட்டின் விவாதப் பதிவுகளைப் படித்தேன். அங்கே ஏமஸ் சிங்கிள்டரி என்ற முதியவர் எழுந்து, நயமாகப் பேசும் வழக்கறிஞர்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் எல்லா அதிகாரத்தையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு எளியவர்களை விழுங்கிவிடுவார்கள் என்று பேசியிருக்கிறார். துறை அறை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த படித்தவன் யார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அங்கே ஒப்புதல் 187க்கு 168. பத்துப் பேர் மாறியிருந்தால் கவிழ்ந்திருக்கும். திருத்தங்களைப் பரிந்துரைக்கிறோம் என்று சேர்த்த பிறகுதான் தயங்கியவர்கள் இறங்கி வந்தார்கள். வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27. அங்கிருந்தும் திருத்தப் பட்டியல்கள் போயின. வட கரோலினா முதலில் மறுத்தே விட்டது. பேச்சுரிமை, மத உரிமை, நியாயமான விசாரணை என்று நான் பெருமையாக நடத்திய முதல் பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 அன்று வந்தது இந்த நெருக்குதலால்தான். நானோ அவற்றை மேடிசனின் கொடை என்று நடத்தினேன். உரிமைப் பட்டியல் அவசியமில்லை என்று தொடக்கத்தில் நினைத்தவர்களில் அவரும் ஒருவர்.

எதிர்த்தவர்களை உத்தமர்களாக்கி இன்னொரு பாதிக்கதை சொல்ல நான் வரவில்லை. வர்ஜீனியாவில் உரிமைக்காக முழங்கிய பேட்ரிக் ஹென்றி அடிமைகளை வைத்திருந்தவர். மத்திய அரசு வலுத்தால் அடிமைகளை விடுவித்துவிடும் என்று அம்மாநில ஒப்புதல் மாநாட்டிலேயே பயமுறுத்தினார். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்ட அந்தச் சட்டத்தில் ஒப்புதல் கேட்கப்படாதவர்கள் அந்த அடிமைகள்தான். மெர்சி ஓடிஸ் வாரன் எதிர்ப்புப் பிரசுரம் எழுதினார். பெண் என்பதால் அவருக்கு வாக்கில்லை. இதையெல்லாம் சேர்த்துத்தான் நடத்தியிருக்க வேண்டும்.

தெரிந்த பிறகும் நடத்தவில்லை. பல்கலைக்கழக வினாத்தாளில் அதே பழைய வினா வந்தது, விடைக்குறிப்பும் பழையதுதான், பிள்ளைகள் மதிப்பெண் இழக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பழைய விடையையும் தந்து இதையும் சொல்ல அரை மணி நேரம் போதும். அப்படிச் சொன்னால் முன்பு சொன்னது தவறு என்று வகுப்பில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குத்தான் மனம் வரவில்லை. ஓய்வுபெறும் வரை குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை மாற்றவில்லை.

அந்த மாணவியின் விடை சரி. முழு மதிப்பெண் போட்டிருக்க வேண்டும். அதை வகுப்பில் எல்லோர் முன்பும் படித்துக் காட்டியிருக்கவும் வேண்டும்.