ஒரு யூனிட்டுக்கும் குறைவான உழைப்பு

2024இல் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டிக்காகப் பார்சிலோனாவின் பழைய துறைமுகத்தில் இறக்கப்பட்ட படகுகளைப் பார்க்கிறவர்களின் கண் தானாக மேலே போகும். உயர்ந்த பாய்மரமும், தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும் உடலும் அப்படி. நான் கவனிக்க விரும்பியது உள்ளே புதைந்து உட்கார்ந்திருப்பவர்களை. எட்டுப் பேர் குழுவில் இருவர் சுக்கான் பிடிக்கிறார்கள், இருவர் பாயைச் சீர்செய்கிறார்கள், மீதி நால்வர் பெடல் மிதிக்கிறார்கள். படகின் உடலில் வெட்டிய குழிகளுக்குள் இருப்பதால் கரையிலிருந்து தெரிவது பெரும்பாலும் ஹெல்மெட்டின் மேற்புறம்தான். அமெரிக்கன் மேஜிக் அணியில் சாய்ந்து படுத்த நிலையில் மிதித்ததால் அதுவும் அபூர்வம். சைக்ளர்கள் என்று இவர்களுக்குப் பெயர். இவர்களுடைய மிதி படகை நகர்த்துவதில்லை. அதைச் செய்வது காற்று. மிதியால் ஓடுவது ஒரு ஹைட்ராலிக் பம்ப். அதில் ஏறும் எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டுதான் பாயை இழுப்பதும் தளர்த்துவதும் அதன் வளைவை மாற்றுவதும் நடக்கிறது.

50 நாட் வேகத்தைத் தாண்டும் இயந்திரத்தில், இந்த வேலையைச் சின்ன மோட்டாரிடம் விடாமல் மனிதக் காலிடம் ஏன் கொடுக்க வேண்டும்? பாய்மரப் படகுப் போட்டிகளின் பொது விதிகளில் 52ஆவது விதி, கயிறுகளையும் பாய்மரத்தையும் நகரும் பாகங்களையும் குழுவினரின் உடல் வலிமையால் மட்டுமே இயக்க வேண்டும் என்கிறது. இதற்கு விலக்கு கொடுக்கும் பந்தயங்களும் உண்டு. சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் வைல்ட் ஓட்ஸ் போன்ற பெரிய படகுகள் எஞ்சின் சக்தியில் விஞ்ச் எனப்படும் கயிறு சுற்றும் உருளையைச் சுழற்றியே ஓடியிருக்கின்றன. அமெரிக்கா கோப்பை நெடுங்காலம் உடலுழைப்பைக் கைவிடாமல் இருந்தது. ஆனால் அந்த உழைப்பின் தன்மை மாறிவிட்டது. பழைய படகுகளில் விஞ்ச் சுழற்றுகிறவர் திசை திரும்பும்போது சில நொடிகள் முழு மூச்சாகச் சுழற்றுவார். பிறகு அடுத்த திருப்பம் வரை ஓய்வு. தோள் பருத்த ஆட்கள் அதற்குப் போதும். ஃபாயில் எனப்படும் நீரடிச் சிறகுகளில் படகு பறக்கத் தொடங்கியதும் அந்த ஓய்வு போயிற்று. வேகம் சற்று மாறினாலும் படகுக்குப் படும் காற்றின் கோணம் மாறும், பாயையும் உடனே மாற்ற வேண்டும். கடைசிவரை எண்ணெய் கேட்டுக்கொண்டே இருக்கும் படகுக்குக் கையைவிடப் பெரிய தசை தேவைப்பட்டது.

காலைப் பயன்படுத்தும் யோசனை புதியதல்ல. 1977இல் நியூபோர்ட்டில் நடந்த அமெரிக்கா கோப்பைப் போட்டியில் பெல்லே பெட்டர்சனின் ஸ்வீடன் படகான 'ஸ்வெரிகே' மிதிவிசையில் விஞ்ச் சுழற்றியது. அப்போது யாரும் அதைப் பின்பற்றவில்லை. 2017 பெர்முடா போட்டிக்குச் சில மாதங்களே இருந்தபோது எமிரேட்ஸ் டீம் நியூசிலாந்து தன் இரட்டை உடல் படகில் பெடல்களைக் காட்டியது. எதிரணிகளுக்குப் படகை மாற்றியமைக்க நேரமில்லை. நடப்புச் சாம்பியனான ஆரக்கிள் அணி பின்பகுதியில் ஒரே ஒரு பெடல் இருக்கையைப் பொருத்திப் பார்த்தது. நியூசிலாந்து 7–1 என்று வென்றது. காலில் கூடுதல் வாட் கிடைக்கிறது என்பதோடு இதை விளக்கி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. மிதி இயந்திரத்தில் தைப்பவரின் கை துணியை நடத்துவதற்கென்று ஒழிந்திருப்பதுபோல, இங்கே காலுக்கு வேலை போனதும் கை விடுபட்டது. மிதித்தவர்களில் ஒருவரான பிளேர் டியூக் மிதித்துக்கொண்டே ஃபாயில்களையும் கட்டுப்படுத்தினார். அதே அணியின் கிளென் ஆஷ்பி இறக்கைப் பாயைக் கயிறு பிடிக்காமல் கையிலிருந்த பொத்தான்களால் இயக்கினார். உடலின் வேலையும் முடிவெடுக்கும் வேலையும் வேறு வேறு இடங்களுக்குப் பிரிந்தன.

இந்தப் பிரிவைத்தான் விமர்சகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். தலையைக் குனிந்து மிதிப்பவன் எப்படிக் கடலோடி ஆவான் என்று கேட்கிறார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற சைமன் வான் வெல்தூவன் நியூசிலாந்துப் படகிலும், ரியோவில் துடுப்புப் படகில் தங்கம் வென்ற மாட் கோட்ரெல் பிரிட்டன் படகிலும் உட்கார்ந்தபோது இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் விஞ்ச் சுழற்றியவர்களும் குனிந்துதான் இருந்தார்கள். மேல்தளத்தில் நின்று காற்றைப் படிப்பவரை மட்டும் கடலோடி என்று எண்ணுவது, கயிறு இழுத்தவர்களைக் கணக்கில் எடுக்காத பழைய எசமானப் பார்வை. சாலையில் மிதிப்பவன் தன் வேகத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். இங்கே சுமை எப்போது கூடும் என்பதை வேறொருவருடைய விரல் தீர்மானிக்கிறது. அதை முன்கூட்டி உணர்ந்து மிதிப்பது பந்தயப் பாதையில் கற்றுக்கொண்டு வரும் வித்தையல்ல.

இன்னொரு விமர்சனம் கூர்மையானது: இது வெறும் நடிப்பு. 2024 படகுகளில் ஃபாயில்களைத் தாங்கும் கனத்த கைகளை ஏற்றி இறக்கியது பேட்டரிதான். அதை அனுமதித்துவிட்டுப் பாய்க்கு மட்டும் வியர்வை கேட்பானேன்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் 400 வாட் வீதம் அரைமணி நேரம் மிதிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், நால்வரும் சேர்ந்து தருவது 0.8 யூனிட். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட்டாகக்கூட ஏறாது. சிறிய பேட்டரி இதைச் சிரமமில்லாமல் தரும் என்பதில் சந்தேகமில்லை. என் வாதம் இந்த அற்ப அளவிலிருந்தே தொடங்குகிறது. கையிருப்பு இவ்வளவு குறைவு என்பதால்தான் பாயைச் சீர்செய்பவர் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறார். பொத்தானை அழுத்துவது இன்னொருவரின் மூச்சைச் செலவழிப்பது. வடிவமைப்பாளரும் உராய்வில் வீணாகும் ஒவ்வொரு வாட்டையும் தேடிப் பிடிக்கிறார்.

பேட்டரிக்கும் அளவு வைத்தால் போகிறது, அதே சிக்கனம் வந்துவிடும் என்பார்கள். வரும், ஆனால் முழுதாக வராது. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைத் திரையே சொல்லிவிடும், கணினி பங்கிட்டும் கொடுத்துவிடும். நாளின் இரண்டாவது பந்தயத்தில், வெயிலில், முந்தைய திருப்பத்தில் முழுதாகக் கொட்டிவிட்ட நான்கு உடல்களில் என்ன மிச்சமிருக்கிறது என்பது அப்படித் தெரியாது. காற்றைப் போலவே மனிதனையும் ஊகித்துத்தான் ஆக வேண்டும். காற்றை ஊகிப்பதையே கலையாகக் கொண்ட விளையாட்டுக்குள் இந்த ஊகம் அந்நியமாக எனக்குத் தோன்றவில்லை.

என் வாதத்தை உண்மையில் அசைப்பது வேறொன்று. எட்டில் நான்கு இடங்கள் மிதிவிசைக்குப் போனால், எழுதாத விதியாக அவை பெரிய உடம்புள்ள ஆண்களுக்கே போகின்றன. அதே 2024இல் பெண்களுக்கான போட்டி பேட்டரியில் இயங்கும் நான்கு பேர் படகுகளில் நடந்தது. இத்தாலியின் லூனா ரோசா வென்றது. அங்கே பெடல் இல்லாததால் படகோட்டும் திறம் குறைந்தது என்று சொல்ல முடியாது. 2027இல் நேப்பிள்ஸில் நடக்கவிருக்கும் போட்டிக்கு ஐவர் குழு, அதில் ஒருவராவது பெண், மிதிப்பவர்களுக்குப் பதில் பேட்டரி என்று விதி வந்துவிட்டது. இதற்கு என்னிடம் இருப்பது அரைப் பதில்தான். ஆட்களைத் தடுத்தது பெடல் அல்ல. ஆளுக்கு இவ்வளவு வாட் என்று கேட்ட கணக்கு. மிதிப்பவர்களின் மொத்த உடல் எடைக்கு இறுக்கமான உச்சவரம்பு வைத்து, ஆள் எண்ணிக்கையை அணிகளிடம் விட்டிருந்தால் சிறிய உடல்களுக்கும் இடம் கிடைத்திருக்கலாம். கூடுதல் இருக்கை என்றால் கூடுதல் குழி, கூடுதல் பம்ப் இணைப்பு, அதனால் கூடும் எடை. வடிவமைப்பாளர்கள் முணுமுணுத்திருப்பார்கள். 2021 ஆக்லாந்து போட்டியில் காலைத் தடைசெய்து கையை மட்டும் அனுமதித்தார்கள், 2024இல் காலைத் திரும்ப அழைத்தார்கள். இவ்வளவு எளிதாக மாற்ற முடிந்த விதியில் எடை வரம்பையும் ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகு பெடலை எடுத்திருக்கலாம்.