சொர்க்கத்திலும் பூச்சி கடிக்கும்

நீங்கள் கடைசியாகப் போன சுற்றுலாவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். முதலில் எது ஞாபகத்துக்கு வருகிறது? அருவியா, கோயிலா, இல்லை லாட்ஜில் ஒழுகிய குழாயா?

என் மனைவியைக் கேட்டால், நான் போட்ட சண்டையைத்தான் சொல்வாள். கொடைக்கானலில் வெந்நீர் வராததற்கு ஒரு சண்டை. கன்னியாகுமரியில் அழுக்கு பெட்ஷீட்டுக்கு ஒரு சண்டை. மைசூரில் மூட்டைப்பூச்சிக்காக ராத்திரி ஒரு மணிக்கு மேனேஜரை எழுப்பி ஒரு சண்டை.

"மைசூர் அரண்மனை எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்லீங்க. அந்த மேனேஜர் கைலியைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்ததுதான் ஞாபகம் இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

அவள் துணி மடிக்கும் நேரத்தில் டி.வி.யில் ஓடுவது பெரும்பாலும் கடலுக்கடியில் எடுத்த படங்கள்தான். "ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கணும்" என்பாள். எங்கள் 25-வது கல்யாண நாளுக்கு மகள் அந்தமான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்: "ரூமைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது." தலையில் அடித்து சத்தியம் செய்தேன். என் தலையில்தான்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம் போனால் ஹேவ்லாக் தீவு. வெள்ளைக்கார ஜெனரல் ஒருவரின் பெயர் அது. 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளை 1950-களில் குடியமர்த்திய இடம். கோவிந்த நகர், ராதா நகர், ஷ்யாம் நகர் என்று கிராமங்களுக்கெல்லாம் கண்ணன் வீட்டுப் பெயர்கள்.

'கடலோர மூங்கில் குடில்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பொய்யில்லை. மூங்கில்தான். ஒரு மூங்கிலுக்கும் அடுத்த மூங்கிலுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழையும் என்பதைப் படத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான். குழாயில் உப்புத் தண்ணீர். கொசுவலையில் ஏழு ஓட்டை. எண்ணினேன். பேசவில்லை.

குடிலைப் பார்த்துக்கொள்பவர் ஒரு வங்காளிப் பெரியவர். எல்லோரும் அவரை 'தாதா' என்றுதான் கூப்பிட்டார்கள். பயப்படாதீர்கள்! வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

முதல் ராத்திரி 'கறுக் முறுக்' என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்துக்குள் ஓர் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கடற்கரை மணலில் கால் நீட்டி உட்கார்ந்தோம். இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். அந்தமானோ வெகு கிழக்கே கிடக்கிறது. அதனால் ஜனவரியில் ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்த நேரம்தான் சாண்ட் ஃப்ளைக்குக் கொண்டாட்டம். மணல் ஈ என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடுகில் கால்வாசிகூட இருக்காது. கடிக்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. ராத்திரிதான் தெரிந்தது. இரண்டு காலிலும் சேர்த்து 63 தடிப்புகள். கடிப்பது பெண் பூச்சி மட்டும்தான். முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும். ஆக, 63 பிரசவத்துக்கு நான் மொய் எழுதியிருக்கிறேன்!

சொறிந்தேன். சொறியச் சொறிய சுகம், பிறகு நரகம். விடியற்காலை மூன்று மணிக்கு, மருந்துப் பையில் இருந்த அலர்ஜி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனேன். அங்கேதான் தப்பு நடந்தது.

காலையில் டைவிங் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? பொய் எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையையே எழுதினேன். பயிற்சி தரும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "தூக்கம் வர வைக்கிற மாத்திரை சார் இது. தண்ணிக்கடியில ஆபத்து. நீங்க நாளைக்கு வாங்க" என்றாள், சிரித்தபடி, ஆனால் கறாராக.

மனைவி உடனே, "அப்போ நானும் நாளைக்கே வரேன்" என்றாள். 25 வருஷமாக அவள் இப்படித்தான் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறாள். நாளைக்குக் கடல் கொந்தளித்தால் அதுவும் போச்சு. "நீ போ" என்றேன். தயங்கினாள். "போம்மா" என்றேன் மறுபடி. போனாள். படகு சின்னதாகி மறைந்தது.

கரையில் தனியாக உட்கார்ந்தபோது கோபம் தலைக்கேறியது. எல்லாம் அந்தக் குடிலால் வந்த வினை! சத்தியமாவது ஒன்றாவது, அவள்தான் பக்கத்தில் இல்லையே? தாதாவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று நடந்தேன்.

தாதா எங்கள் குடில் வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் கொசுவலை. ஊசி நூலோடு ஓட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். நாலு முடிந்திருந்தது, மூன்று பாக்கி. அவர் கால்களைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் பழைய தழும்புகள். என் 63 எல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்!

நான் தயார் செய்துகொண்டு போன இந்தி வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

தைத்து முடித்துவிட்டு, விட்டத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு எங்கள் தின்பண்டப் பையைக் கட்டினார். கயிற்றின் நடுவில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கோத்தார். எலி இறங்கி வந்தாலும் அதைத் தாண்ட முடியாமல் வழுக்கும். பெரிய கப்பல்களின் கயிற்றில் வட்டத் தகடு மாட்டியிருப்பார்களே, அதே தந்திரம்! கடைசியாக ஒரு பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொடுத்தார். "கடற்கரைக்குப் போகிறதுக்கு முன்னாலே தடவணும், வந்த பிறகு இல்லை" என்று சைகையும் இந்தியுமாகச் சொன்னார். என் பாட்டி இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மனைவி திரும்பி வந்தாள். ஈரத் தலை, சிவந்த கண், அப்படியொரு முகம். 25 வருஷத்தில் நான் பார்க்காத முகம். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு சொன்னாள்: "என்னங்க, மீனுக்கும் பூச்சி கடிக்குமாம்!"

அடுத்த நாள் நானும் பார்த்தேன். நீச்சல் தெரியாதவர்கள்கூடப் போகலாம். பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறார். முதுகில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை, சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும்.

ஒரு பவளப் பாறையருகே பெரிய களவா மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நின்றது. விரல் நீள மீன் ஒன்று, நீல உடம்பு, கறுப்புக் கோடு, அதன் வாய்க்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது. செவுளில் கொத்தியது. பின்னால் இன்னும் இரண்டு மீன்கள் காத்திருந்தன, ஞாயிற்றுக்கிழமை சலூன் மாதிரி. துப்புரவு மீன் என்கிறார்கள். பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும் பூச்சிகளைத் தின்பதுதான் அதன் பிழைப்பு. ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் கணக்கெடுத்தபோது, ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 பூச்சிகளைத் தின்பது தெரிந்ததாம்.

ஆக, நாம் காசு செலவழித்துப் பார்க்கப் போகும் அந்தச் சொர்க்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் அரிப்பு உண்டு. அவர்கள் மேனேஜரை எழுப்புவதில்லை. பொறுமையாக வரிசையில் நிற்கிறார்கள். மேலே வரும் வரை என் கால் அரிக்கவே இல்லை. மேலே வந்ததும் அரித்தது. அது வேறு விஷயம்.

நீங்கள் போவதாக இருந்தால், பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். தின்பண்டத்தை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோங்கள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு ஃபேனைச் சுழல விடுங்கள். இத்துனூண்டு பூச்சி அந்தக் காற்றில் பறக்கத் திணறும். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், பூரான் இருக்கலாம். கொசு விரட்டும் களிம்பு தடவிய கையைக் கழுவாமல் டைவிங் கண்ணாடியைத் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் ரசாயனம் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். என்ன மாத்திரை சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். கடலிலிருந்து ஏறி 18 மணி நேரமாவது கழித்து விமானம் ஏறுங்கள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டம்மா வந்தார். மனைவி ஒரு மணி நேரம் கடலைப் பற்றியே பேசினாள். களவா மீன் வாயைத் திறந்ததைத் தன் வாயைத் திறந்தே நடித்துக் காட்டினாள்.

"அதெல்லாம் சரி, தங்கின ரூம் எப்படி?" என்று கேட்டார் அந்தம்மா.

உள்ளறையில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "ரூமா? ஞாபகம் இல்லையேக்கா..." என்றாள்.