ஆறாம் கிழமை

கண் சத்திரசிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்த அன்று பெரியம்மா தொலைபேசியில் சொன்ன முதற்செய்தி இதுதான்: "தம்பி, எதிர் மலையில கொழுந்து எடுக்கிறவங்க கூடையெல்லாம் தெரியுதப்பா!" ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் 35 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். ஓய்வு பெற்ற பின்னர் வெண்புரை அவருடைய வலக்கண்ணை மெல்ல மெல்ல மூடியிருந்தது. அது நீங்கியதில் எங்கள் குடும்பமே மகிழ்ந்தது.

ஒரு மாதம் சென்றபின் அதே குரல் தளர்ந்து ஒலித்தது. "ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் மங்கலா இருக்கு. ஆள் மொகம் புடிபடல." அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, லயத்துக் கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றார். தலைக்குக் குளித்ததால் வந்தது என்றார் அயல்வீட்டுக்காரி. கருவாடு தின்றதால் என்றார் இன்னொருவர். நான் என்ன சொன்னேன்? "போகப் போகச் சரியாகிவிடும் பெரியம்மா" என்றேன். விசாரிக்காமல் ஒரு வரியையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று இளம் நிருபர்களுக்குப் போதித்தவன் நான்.

இரு கிழமைகள் கழித்து ஒரு மரணச் சடங்குக்காகத் தோட்டத்துக்குச் சென்றேன். பெரியம்மா தகரப் பெட்டியிலிருந்து கிளினிக் துண்டை எடுத்துத் தந்தார். ஆறாம் கிழமை கட்டாயம் வரவேண்டும் என்று அதில் திகதியுடன் எழுதப்பட்டிருந்தது, சிங்களத்தில். அந்தத் திகதி கடந்து நான்கு நாட்களாகியிருந்தன. அத்துண்டை அவருக்கு வாசித்துக் காட்ட எவரும் இருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் புறப்பட்டோம். அங்கே கண் வைத்தியர் பரிசோதித்துவிட்டு, பொருத்திய வில்லை நன்றாகவே இருக்கிறது என்றார். பிறகு ஓ.சி.ரி. என்னும் கருவியின் முன் பெரியம்மாவை அமர்த்தினார்கள். ஊசியில்லை, வலியில்லை. நாடியை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைப் பார்த்தபடி சில விநாடிகள் அசையாதிருந்தால் போதும்.

கண்ணுக்குள் செலுத்தப்படும் மெல்லிய ஒளி, விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்புவதை அளந்து, குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோன்ற படத்தை அக்கருவி வரைகிறது. தலைமுடியின் தடிப்பில் பத்திலொரு பங்கு வித்தியாசமும் அதில் புலப்படும். முகம் பார்க்கவும் எழுத்து வாசிக்கவும் நமக்கு உதவும் மாகுலா என்னும் மையப்பகுதியில் இயல்பாக ஒரு சிறு பள்ளம் இருக்கவேண்டும். பெரியம்மாவின் படத்தில் அவ்விடம் மேடாயிருந்தது. மேட்டினுள்ளே கரிய குமிழ்கள். அவை நீர் கோத்த இடங்கள் என்று வைத்தியர் விளக்க, நான் தமிழில் சொன்னேன்.

வெண்புரை அகற்றியபின் ஏற்படும் அழற்சியால் சிலருக்கு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து இந்த வீக்கம் உண்டாகிறது. சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்திருந்தாலும் வரலாம். பெரும்பாலும் நான்காம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் இடையில் தலைகாட்டும்; நீரிழிவு உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம். பெரியம்மாவுக்கும் சீனி வருத்தம் உண்டு. அமெரிக்க வைத்தியர் இர்வின் 1953இலேயே இதனை விவரித்திருக்கிறார். 1960களில் கையில் சாயம் ஏற்றிப் படமெடுத்தபோது, கசிவு பூவிதழ்கள்போல விரிவதை வைத்தியர் காஸ் காட்டினார். அதனால் இருவர் பெயரையும் இந்நோய் தாங்கி நிற்கிறது. சாயமின்றிப் பார்க்க வழிசெய்த ஓ.சி.ரி. பற்றிய ஆய்வுக்கட்டுரை 1991இல் வெளிவந்தது.

சிகிச்சை என்னவோ எளியதுதான்: அழற்சியைத் தணிக்கும் இருவகைச் சொட்டு மருந்துகள், சீனிக் கட்டுப்பாடு, மீண்டும் ஒரு படம். மூன்று மாதங்களில் மேடு தணிந்து பள்ளம் திரும்பியது. இன்னும் தாமதித்திருந்தால் முழுப் பார்வையும் மீண்டிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் வைத்தியர்.

திரும்பும் வழியில் என் பழைய செய்திகள் நினைவுக்கு வந்தன. கண் சிகிச்சை முகாம்களைப் பற்றி எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எத்தனை பேர் பார்வை பெற்றார்கள் என்று எண்ணிக்கையைத் தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். ஆறாம் கிழமை அவர்கள் எப்படியிருந்தார்கள் என்று ஒருமுறையேனும் போய்க் கேட்டதில்லை. 1987இல் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதை முன்பக்கச் செய்தியாக வாசித்தவர்கள் நாம். அத்திருத்தம் பெரியம்மாவின் தகரப் பெட்டிவரை இன்னும் வந்து சேரவில்லை.

தோட்டந்தோறும் ஓ.சி.ரி. கருவி வைக்க முடியாதென்பது எனக்கும் தெரியும். ஒரு திகதியைத் தமிழில் எழுதிக் கொடுக்க முடியும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் எவரேனும் வெண்புரை அகற்றியிருந்தால், அவர்களுடைய துண்டை இன்றே வாங்கி வாசித்துப் பாருங்கள். தெளிந்த பார்வை மறுபடி மங்கினால் வயதின்மேல் பழிபோடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற மாதம் போயிருந்தபோது பெரியம்மா வாசற்படியில் சுளகுடன் அமர்ந்திருந்தார். நான் படியேறுமுன்பே, "ஏம்ப்பா இப்புடி மெலிஞ்சு போன?" என்றார்.