விமானம் பார்க்கப் போனோம்!

எங்கள் வீடு சென்னை பொழிச்சலூரில் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரம்தான். யாராவது போனில் பேசினால், "கொஞ்சம் இருங்க, ப்ளேன் போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. எனக்கு விமானம் என்றால் சத்தம். அவ்வளவுதான். ஆனால் என் மாமனாருக்கும் என் பையனுக்கும் அதுதான் உயிர்.

மாலை நாலரை மணிக்குத் தாத்தாவும் பேரனும் மொட்டை மாடிக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இறங்குவார்கள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மாமா. பென்ஷன் பணத்தில் பேரனுக்கு ஒரு பழைய காமிரா வாங்கிக் கொடுத்தார். "விமான நிலையத்தைப் படம் எடுக்கறதுக்கு நம்ம ஊர்ல கட்டுப்பாடு இருக்குடா. இங்கே கண்ணால பாரு. ஒருநாள் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேன், ரெண்டடுக்கு விமானத்தை அங்கே எடுக்கலாம்" என்பார். அந்த ஒருநாள் வருவதற்குள் மாமா போய்விட்டார். ஆயிற்று, இரண்டு வருஷம். அன்றிலிருந்து பையன் மொட்டை மாடிக்குப் போகவில்லை. காமிரா அலமாரியில் தூங்கியது. தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். பதின்மூன்று வயசுப் பிள்ளை அழுதாலாவது தேற்றலாம். இவன் அழவுமில்லை.

சென்ற மே மாதக் கடைசியில், சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு நானும் அவனும் பத்து நாள் போயிருந்தோம். கிளம்பும்போது அவனைக் கேட்காமல் காமிராவை என் புடவைகளுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டேன்.

தங்கை வீடு தெம்பனிஸில், பதினோராவது மாடி. சாங்கி விமான நிலையம் அங்கிருந்து பக்கம். 1981-ல் திறந்த விமான நிலையம் அது. தமிழும் அந்த நாட்டின் ஆட்சி மொழிகளில் ஒன்றாகையால் அங்கங்கே நம் எழுத்தைப் பார்க்கலாம். வெளியூர் வந்த கூச்சமே தெரியவில்லை.

முதலில், பயணிகள் அல்லாதவர்களும் போய்ப் பார்க்கக்கூடிய கண்ணாடிக் கூடத்துக்குத் தங்கை அழைத்துப் போனாள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. குளிர்ச்சி, உட்கார நாற்காலி, பக்கத்திலேயே கழிப்பறை, பசித்தால் சாப்பாட்டுக் கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி ஏற்றுவது, எண்ணெய் நிரப்புவது, முன்னாலிருந்து வண்டி பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் சினிமா மாதிரி தெரிகிறது.

நான் காமிராவை எடுத்து நீட்டினேன். ஒரு கணம் என்னை முறைத்தான். பிறகு வாங்கிக்கொண்டான். ஆனால் எடுத்த படத்தில் எல்லாம் விமானத்துக்கு நடுவே மின்விளக்கும் எங்கள் முகமும்தான் விழுந்தன. "கண்ணாடியில பின்னால இருக்கிறது தெரியுதும்மா" என்றான். நான் சும்மா இருக்கவில்லை. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்கச் சொல்லி, அதைச் சுற்றி என் கரும்பச்சை முந்தானையைக் கூடாரம் போலப் பிடித்தேன். விளக்கு மறைந்துவிட்டது! "அம்மா, அசையாதே" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் உற்சாகமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆனாலும் ரெண்டடுக்கு விமானம் அன்று கண்ணில் படவில்லை. ஏ380 என்று அதற்குப் பெயர். 2007 அக்டோபர் 25-ல் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது இந்த சிங்கப்பூரிலிருந்துதான், சிட்னிக்கு. இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஏறக்குறைய 80 மீட்டர். சக்கரம் மட்டும் இருபத்திரண்டு! 2021-க்குப் பிறகு புதிதாக ஒன்றும் செய்யவில்லையாம். இருக்கிறவரை பார்த்தால்தான் உண்டு. இதெல்லாம் பையன் சொன்னது.

"கடற்கரைக்குப் போங்க அக்கா. அங்கே தலைக்கு மேலயே போகும்" என்றாள் தங்கை. இரண்டு நாள் கழித்து இட்லி கட்டிக்கொண்டு, சாங்கி வில்லேஜ் போகும் பஸ்ஸில் ஏறினோம். அங்கே இறங்கி ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் சாங்கி கடற்கரைப் பூங்கா. 3.3 கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கம் கடல், எதிரே புலாவ் உபின் தீவு, மரநிழல், சிமெண்ட் நடைபாதை. மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? 1942-ல் ஜப்பானியர் ஆட்சியில் இதே மணலில் 66 சீனர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் நினைவாக ஒரு கல் இருக்கிறது. ஒரு நிமிஷம் நின்று விட்டுத்தான் நடந்தோம்.

விமானப் பாதைக்கு அடியில் போய் உட்கார்ந்தோம். விமானங்கள் வந்தன. ஆனால் எல்லாம் ஏறிப் போகிற விமானங்கள்! ஓடுபாதை 4,000 மீட்டர் நீளம். அதன் கோடிக்கு வருவதற்கு முன்பே மேலே எழும்பி விடுகின்றன. நம் தலைக்கு நேரே வரும்போது எட்டாத உயரம். வயிறுதான் தெரிகிறது, அதுவும் சின்னதாக.

"ஏண்டா இப்படி?" என்றேன்.

அவன் மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தானாம். எதிர்க்காற்று இருந்தால்தான் குறைந்த வேகத்தில் எழும்பவும், குறைந்த தூரத்தில் நிற்கவும் முடியும். ஓடுபாதையின் இரண்டு கோடியிலும் ஓர் எண் எழுதியிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் திசை கிடைத்துவிடும். சாங்கியில் 02 என்றும் 20 என்றும் இருக்கிறது. 02 என்றால் 20 டிகிரி, கிட்டத்தட்ட வடக்கு. 20 என்றால் 200 டிகிரி, கிட்டத்தட்ட தெற்கு. நம் மீனம்பாக்கத்தில் பெரிய ஓடுபாதைக்கு 07, 25. எங்கே பார்த்தாலும் இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 18. அரைவட்டம் 180 டிகிரி அல்லவா?

"இன்னைக்கு வடக்கேயிருந்து காத்து. அதனால வடக்குப் பார்த்து ஏறுது. இறங்குற ப்ளேனெல்லாம் அந்தக் கோடியில, தெற்குப் பக்கமா வருது. தெற்கேயிருந்து காத்து அடிச்சாத்தான் இங்கே தாழ்வா வந்து இறங்கும்" என்றான். பிறகு குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "தாத்தா இருந்திருந்தா காத்தைப் பார்த்துட்டுத்தான் கிளம்பியிருப்பாரு" என்றான்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். அவனும் கடலைப் பார்த்துக்கொண்டான். இட்லியை வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டோம்.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. ராத்திரி விமானம். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து சமையலறைப் பக்கம் போனேன். அங்கே அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே கழி நீட்டித் துணி காயப் போடுவார்கள். முந்தின இரவு தங்கை போட்ட துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஒரு சட்டைகூடப் பறந்துவிடக் கூடாதே என்று கை நீட்டியவள் அப்படியே நின்றேன். இத்தனை நாளும் ஒரு பக்கமாகச் சாய்ந்த துணி இன்றைக்கு எதிர்ப்பக்கம் போகிறதே! சூரியன் வரும் பக்கத்தை வைத்துத் திசையைக் கணக்குப் போட்டேன். துணி வடக்கே பறக்கிறது. அப்படியென்றால் காற்று தெற்கேயிருந்து!

இருபது வருஷமாகக் கொடியில் துணி போடுகிறேன். காற்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதைக் கேட்கத்தான் ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

பையனை உலுக்கி எழுப்பினேன். "எழுந்திருடா, காத்து மாறிடுச்சு!" அவன் ஜன்னலுக்கு ஓடி வந்து துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபேச்சு இல்லை. ஐந்து நிமிஷத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான்.

சிங்கப்பூரில் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடலின் மேல் இளவெயில். இந்தத் தடவை பாதைக்கு நேர் அடியில் உட்காரவில்லை. "கிழக்கே தள்ளி நிக்கணும்மா. வெயில் நம்ம முதுகுல இருந்தாத்தான் ப்ளேன் மேல வெளிச்சம் விழும். அந்தப் பக்கம் நின்னா கறுப்பாத்தான் தெரியும்" என்றான். சாயங்காலம் என்றால் இதுவே தலைகீழ், மேற்கே போக வேண்டும்.

கடலுக்கு மேல் ஒரு விளக்கு தெரிந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் தாழ்வாக, சக்கரத்தை நீட்டிக்கொண்டு, ஜன்னல்களை எண்ணிவிடலாம் போல. ஆனால் எல்லாம் சாதாரண விமானங்கள். ஓடுபாதையும் ஒன்றல்ல. ரெண்டடுக்கு வந்தாலும் இந்தப் பக்கம் வருமோ, அந்தப் பக்கம் போய்விடுமோ! நான் வேண்டாத தெய்வம் இல்லை.

எட்டு மணி இருக்கும். பையன் என் கையைப் பிடித்தான். வந்தது. அது பறக்கிற மாதிரியே இல்லை. ஒரு கட்டடம் மெதுவாக மிதந்து வருகிற மாதிரி இருந்தது. நான்கு எஞ்சின், மேலும் கீழும் இரண்டு வரிசை ஜன்னல். அதன் நிழல் மணலைக் கடந்து போயிற்று. சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் காமிரா அவன் மார்பில் தொங்குகிறது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கடைசி நொடியில் எடுத்து ஒன்றே ஒன்று அமுக்கினான்.

அந்தப் படத்தில் வால் பாதிதான் இருக்கிறது. இப்போது அது மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விமானப் பைத்தியம் இருந்தால், சகோதரிகளே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் காற்று, பிறகு வெயில், அதற்குப் பிறகுதான் இடம். மிக அருகில் இருக்கும் இடம்தான் நல்ல இடம் என்று நினைக்காதீர்கள். படத்துக்குக் காலை நேரமே உத்தமம். உச்சி வெயிலில் தரையின் சூட்டில் காற்று நெளிந்து, படம் கலங்கிவிடும். ஓடுகிற விமானம் தெளிவாக விழ, காமிராவில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வைக்க வேண்டும். வேலி ஓரத்தில் தடைப் பலகை இருந்தால் அங்கே காமிராவை எடுக்கவே கூடாது. சாங்கியில் பக்கத்திலேயே விமானப் படைத்தளம் இருக்கிறது. எந்த ஊரானாலும் அந்த ஊர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

கைக்குழந்தை இருந்தால் சத்தம் வரும்போது காதைப் பொத்துங்கள். குடிநீர், தொப்பி, கொசுவுக்குத் தடவும் களிம்பு, உப்புக் காற்று படிந்த லென்ஸைத் துடைக்க மெல்லிய துணி, இவை பையில் இருக்கட்டும். சாப்பிட்ட மிச்சத்தை இறைக்காதீர்கள். அதைத் தின்ன வரும் பறவைகள் விமானத்துக்கு ஆபத்து.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை நாலரை மணி. நான் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பின்னாலேயே காலடிச் சத்தம்.

"அம்மா, துணியை அப்புறம் எடுக்கலாம். இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்னு சொல்லு பார்ப்போம்" என்றான்.