மலாக்கா செட்டிகள்: ஓர் ஆண்டுக் குறிப்புகள்

சனவரி 13, போகி

மலேசியாவின் மலாக்கா நகரில், காஜா பெராங் சாலையை ஒட்டி கம்போங் செட்டி என்னும் சிறு குடியிருப்பு இருக்கிறது. வீட்டு நிலைகளில் மாவிலைத் தோரணம், முன்புறம் திண்ணை, உள்ளே பேச்சு மலாய். மலாக்கா செட்டிகள் எனப்படும் இவர்கள் சைவர்கள். ஆனால் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாய்க்கர், ராஜா என்று வரும். (வட்டித் தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டில் வந்த நகரத்தார் வேறு, இவர்கள் வேறு.)

இன்று முன்னோருக்குப் படையல் போடும் நாள். அதைப் 'பார்ச்சு' என்கிறார்கள். வாழையிலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக், மீன், சம்பல், மலாய்ப் பலகாரங்கள் பரிமாறி, மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி போடுகிறார்கள். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டது எதுவோ அது இலையில் இருந்தாக வேண்டும். யார் வழி வந்தவர், எந்தப் பாட்டிக்கு எது பிடிக்கும் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது இந்த இலையைப் பார்த்துத்தான். இனம் என்பது இங்கே படித்துத் தெரிந்துகொள்ளும் சங்கதி அல்ல.

சனவரி 14, பொங்கல்

இந்தப் பொங்கல் கடல் கடந்து வந்த கதை இது: 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்களின் துறைமுகத்துக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள் வந்தார்கள். பெண்களை அழைத்து வரும் வழக்கம் இல்லை. பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்தவர்களில் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். தாயின் மொழியே வீட்டு மொழியானது. உடையும் சமையலும் அவள் வழியில் போயின. தகப்பன் வழியில் நின்றது சாமியும் குடும்பப் பெயரும்.

1511இல் போர்த்துக்கீசியர் ஊரைப் பிடித்தபோது, நீனா சத்து என்ற இந்து வணிகரை அவருடைய இனத்தாருக்குத் தலைவராக அமர்த்தினார்கள். அந்தச் செல்வாக்கு நீடிக்கவில்லை. 1641இல் டச்சுக்காரர் வந்த பிறகு வணிகம் கைநழுவ, செட்டிகள் ஊருக்கு வெளியே காஜா பெராங்கில் நிலத்தை நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் ஆட்சியில் பலர் எழுத்தர் வேலைக்குப் போனார்கள். பணம் போன பின்னும் சமூகம் கலையவில்லை. வணிகம் மட்டுமே அவர்களைக் கட்டிவைத்திருந்தால் 17ஆம் நூற்றாண்டிலேயே கதை முடிந்திருக்கும்.

மே, மாரியம்மன் விழா

காஜா பெராங் மாரியம்மனுக்கு இங்கே 'டத்தோ சாச்சார்' என்று பெயர். சாச்சார் என்றால் அம்மை; டத்தோ என்பது மரியாதைக்குரிய மூத்தோரைக் குறிக்கும் மலாய்ச் சொல். கொடியேற்றமும் ஊர்வலமும் தமிழ்நாட்டுக்காரருக்குப் பழகியவைதான். பெண்கள் மட்டும் சேலைக்குப் பதில் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி வருவார்கள். வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போனவர்கள் ஊரில் தலைகாட்டும் சமயமும் இதுவே.

சூன், சூலை

டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான் பழுக்கும் பருவம். இன்னொரு பார்ச்சு, இம்முறை பழங்களோடு. தமிழ்ப் பஞ்சாங்கமும் மலாய்த் தோப்பும் இதில் உரசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு 31, விடுதலை நாள்

1957இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு 'மலாய்க்காரர்' யார் என்று வரையறுக்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் மரபுகளைக் கடைப்பிடிப்பவர். செட்டிகள் மலாய் பேசுகிறார்கள். மலாய் மரபுகளில் பலவும் அவர்களிடம் உண்டு. இஸ்லாம் இல்லை. ஆகவே பதிவேட்டில் அவர்கள் 'இந்தியர்'. இத்தனை தலைமுறையாக இந்த மண்ணில் வாழ்ந்தும், மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடிகளுக்கும் உள்ள பூமிபுத்திரர் உரிமை தங்களுக்கு இல்லையே என்ற மனக்குறை அவர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. வீட்டில் தன்னை இன்னார் என்று அறிந்த ஒருவருக்குப் படிவம் வேறொரு விடை சொல்கிறது. உதவித்தொகை, வீட்டு விலைத் தள்ளுபடி போன்ற சலுகைகள் படிவத்தின் விடையையே பார்க்கின்றன.

தீபாவளி

செட்டிகளோடு இந்தப் பண்டிகையைக் கொண்டாடும் மலேசியத் தமிழரில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் காலத்தில் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினர். தமிழ்ப்பள்ளியும் தமிழ் நாளேடும் அவர்களுடைய அடையாளத்தின் முதுகெலும்பு. தமிழ் தெரியாத இந்து அவர்களுக்குப் புதிராகத் தெரிவதில் வியப்பில்லை. 'தமிழனா, மலாய்க்காரனா' என்று இரண்டில் ஒன்றைச் சொல்லக் கேட்கிற வழக்கம்தான் கோளாறு. செட்டிகளின் வாழ்க்கையில் அப்படி ஒரு தேர்வு எழுந்ததே இல்லை.

மலாக்காவின் பொற்கொல்லர் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. டச்சுக்காரர் மலாக்கா செட்டிகளில் ஒருவரான தவிநாயகர் செட்டிக்கு அளித்த மனை அது. உரிமை இன்றும் செட்டிகளுடையது. அன்றாட நிருவாகத்தை நகரத்தார் பார்த்துக்கொள்கிறார்கள். 2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் இச்சமூகத்துக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. மலாக்காவில் எஞ்சியிருப்போர் சில நூறு பேர். பிற இந்தியக் குடும்பங்களோடு மண உறவு பெருகி வருவதால், அடுத்த தலைமுறையில் சில வீடுகளில் தமிழ் திரும்பி வரலாம். அதே வீடுகளில் செட்டி மலாய் மறைந்தும் போகலாம்.