இருமினால் கசிகிறதா? கூச்சப்படாமல் படியுங்கள்



இன்றைய பதிவு பெண்களுக்கானது. ஆண்பிள்ளைகளும் படியுங்கள். உங்கள் வீட்டிலும் அம்மாவோ மனைவியோ இருப்பார்கள்.

இருமினால், தும்மினால், சிரித்தால், கனம் தூக்கினால் சிலருக்குச் சிறுநீர் கசியும். நம் கொல்லிமலையில் பெண்கள் இதைத் தங்களுக்குள் கூடப் பேசுவதில்லை. கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் அவஸ்தைப்படக் கூடாதென்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். விசேஷ வீட்டுக்குப் போவதையே விட்டவர்களையும் தெரியும். எனக்கும் இந்தத் தொந்தரவு இருந்தது. வகுப்பில் இருமல் வந்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

அடிவயிற்றுக்குக் கீழே தசைகள் தூளி மாதிரி நின்று சிறுநீர்ப்பையைத் தாங்குகின்றன. பிரசவத்திலும் வயதிலும் அந்தத் தூளி தளர்ந்துவிடுகிறது. ஓயாத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், தலைச்சுமை எல்லாம் அதை இன்னும் தளர்த்தும்.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் சொந்தத்தில் ஒரு பெண், போனில் விளம்பரம் பார்த்து வெளியூர் கிளினிக் ஒன்றுக்குப் போனாள். "உங்கள் ஸ்டெம் செல்லையே ஊசியாகப் போட்டால் தசை புதிதாக வளர்ந்துவிடும்" என்றார்களாம். கேட்ட தொகை, அவர்கள் வீட்டு மிளகு மொத்தம் விற்றாலும் கட்டாது. "நகையை அடகு வைத்துப் போட்டுக்கட்டுமா அத்தை?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த யோசனை பொய்யில்லை. உடம்பில் ஓரிடத்திலிருந்து சிறு தசைத் துண்டு எடுத்து, ஆய்வகத்தில் அதன் செல்களைப் பெருக்கி, சிறுநீர்க் குழாயைச் சுற்றிப் போடுகிறார்கள். ஆனால் இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. 2007இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர மருத்துவர்கள், 42 பெண்களில் 38 பேருக்கு ஒரு வருடத்தில் கசிவு முற்றிலும் நின்றதாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அந்தச் சோதனை நடந்த விதத்தில் கோளாறு இருந்தது விசாரணையில் தெரிந்ததும், 2008இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

2018இல் வெளிவந்த வேறொரு ஆய்வில் சிலருக்குச் செல் ஊசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. இரண்டு பக்கமும் பலருக்குக் குறைந்தது. செல் ஊசிதான் மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. "எனக்குச் சரியாயிற்று" என்று நாலு பேர் வீடியோவில் சொல்வது ஏன் போதாது என்று புரிகிறதா?

நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் தெளிவாகவே இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களுக்குத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில்தான் பயன்படுத்தலாம். வழக்கமான சிகிச்சை என்று விற்கக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியதற்குக் காசே வேண்டாம். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கீகல் எழுதிய பயிற்சி அது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல அந்தத் தசையை மட்டும் இறுக்குங்கள். ஐந்து வரை எண்ணுங்கள். தளர்த்துங்கள். எட்டு முதல் பத்து முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சை அடக்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம். எனக்கு நான்காம் மாதம் நன்றாகக் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் ஏறப் பயமில்லை.

அதிலும் குறையாவிட்டால் அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பலன் தெரிந்த அறுவை சிகிச்சைகளும் இருக்கின்றன. எரிச்சலோ இரத்தமோ இருந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே போங்கள். தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அந்தப் பெண்ணின் நகை பெட்டியிலேயே இருக்கிறது. பயிற்சியை ஆரம்பித்திருக்கிறாள்.

கமெண்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்