வாழைப்பழத்தின் மேல் பழி

வியாசர்பாடியில் அந்த லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆயா முதலில் பேசியது வாழைப்பழத்தைப் பற்றித்தான். "ஒரு பழம்கூடக் குடுக்கறதில்ல டாக்டரம்மா. தயிரு, ஐஸு, ஆரஞ்சு எல்லாத்தையும் நிறுத்திட்டோம். அப்பவும் ராத்திரியானா புள்ளைக்கு இளைக்குது."

என்னோடு வந்த குழந்தைகள் நல மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடி அறையை நிதானமாகப் பார்த்தார். நெபுலைசர் வைக்க அடிக்கடி தூக்கிவரப்படும் குழந்தைகளின் வீடுகளுக்கு, நேரம் கிடைக்கும்போது, நேரிலேயே போய்விடுவது அவர் வழக்கம்.

ஒரே அறை. சமையல், படுக்கை, சாமி மாடம், துணி மூட்டை எல்லாம் அதற்குள்தான். மழைக்காலம் என்பதால் ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலடியில் ஒரு தகரத் தட்டு, அதில் வட்டமாய்ச் சாம்பல். கொசுவர்த்திச் சுருள். ஏழு வயதுப் பையனின் தலைமாட்டுக்கு நேர் கீழே இரவு முழுக்கக் கனன்றிருக்கிறது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது கிளம்பும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் கக்குவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் எவரும் இல்லை. அதைப் பெருமையாகச் சொன்ன அப்பாவிடம் மருத்துவர் தட்டைக் காட்டி, "இத நிறுத்திட்டு ஒரு கொசுவலை வாங்கிடுங்க" என்றார்.

அடுத்து தலையணை. இலவம்பஞ்சு, பல வருடத்துப் பழசு, உறையில் எண்ணெய்க் கறை. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் இதில்தான் குடியிருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு, ஈரக்காற்றுதான் உயிர். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மூச்சுக்குழாயைச் சீண்டுவது பெரும்பாலும் அவற்றின் கழிவு. "வெயில்ல போடறோமே" என்றாள் அம்மா. வெயிலில் ஈரம் வற்றும், பூச்சி குறையும், ஆனால் கழிவு துணியிலேயே தங்கிவிடும். அதனால் உறையையும் போர்வையையும் வாரம் ஒரு முறை கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். பழைய தலையணையைத் தூக்கிப்போட வேண்டும். ஆயாவின் முகம் சுருங்கியது. அது அவர் மகளுக்குச் சீராகக் கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அடுப்பு மேடைக்குக் கீழே கரப்பான். கரப்பான் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் அது மிகுந்த வீட்டில் வளர்ந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது கூடுகிறது என்று அமெரிக்க நகரங்களில் நடந்த ஆய்வு ஒன்று 1997இல் காட்டியது. அதற்காக மருந்தை அடித்துவிட்டு அதே அறையில் பையனைப் படுக்கவைத்தால் அந்த நெடியே இளைப்பைக் கிளப்பும். மூலையில் தடவும் ஜெல் போதும். குப்பை வாளிக்கு ஒரு மூடி வேண்டும். சுவரில் கறுப்பாகப் பூத்திருந்த பூஞ்சணத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலை மட்டும் தள்ளிப்போடச் சொன்னார். ஓதம் வீட்டுக்காரர் பாடு. கொடுங்கையூர்க் குப்பைமேடு பற்றிக்கொண்டால் வரும் புகையும் அப்படித்தான், இந்த ஆயாவால் அதற்கு என்ன செய்ய முடியும்?

சாம்பிராணியில்தான் பேச்சு நீண்டது. பிறந்ததிலிருந்து தலைக்கு ஊற்றினால் புகை போட்டுத்தான் பழக்கம், சளி பிடிக்காமல் இருக்கத்தானே அது என்றார் ஆயா. மருத்துவர் வாதாடவில்லை. "தலைய துண்டால நல்லா துவட்டுங்க ஆயா, போதும். வெள்ளிக்கிழமை சாமிக்குப் போடணும்னா அவன் ஸ்கூலுக்குப் போனப்புறம் கதவ தொறந்து வச்சுப் போடுங்க." வாழைப்பழத்தின் மீதிருந்த தடையும் அப்போதே நீங்கியது. ஒரு பண்டத்தைத் தின்றதும் இளைப்பதைத் திரும்பத் திரும்பக் கண்ணால் பார்த்தால் மட்டும் அதை நிறுத்தினால் போதும்.

இந்த வீட்டில் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முடியாது. அவரும் கேட்கவில்லை. சுருளும் தலையணையும் முதலில், மற்றது கைக்காசு இருக்கும்போது. இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. நீண்ட பட்டியலைக் கையில் கொடுத்தால் எந்த வீட்டிலும் ஒன்றும் நடக்காது.

பிறகு அலமாரியிலிருந்து இன்ஹேலர் பம்புகளை எடுக்கச் சொன்னார். நீலம் பாதி தீர்ந்திருந்தது, பழுப்பு அப்படியே இருந்தது. "பழக்கமாயிடும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க மேடம். நல்லா இருக்கும்போது எதுக்குன்னு விட்டுட்டேன்." இந்தப் பேச்சைக் கேட்காத தாய் தமிழ்நாட்டில் இருப்பாளா என்பதே சந்தேகம். நீலம் இறுகிய குழாயை அப்போதைக்குத் திறந்துவிடும். உள்வீக்கத்தை ஆற்றுவது பழுப்பு, அது பழக்கப்படுத்தாது, நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டியது. போட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். வீட்டில் தூசி தும்பே இல்லாமல் வைத்திருந்தாலும் பள்ளியிலிருந்து சளிக்காய்ச்சல் வரத்தான் செய்யும். குழந்தைகளுக்கு இளைப்பைக் கிளப்புவதில் அதுதான் முதலிடம். அதைச் சமாளிக்கப் பழுப்புப் பம்புதான் துணை.

பம்பை நேராக வாய்க்குள் அடித்துக்கொண்டிருந்தான் பையன். பாதி மருந்து நாக்கிலேயே நின்றிருக்கும். பம்பின் வாயில் பொருத்தும் குடுவையான ஸ்பேசரைக் கழுவி மாட்டிக் காட்டினார்: குலுக்கு, ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு, பிறகு அடுத்தது. ஸ்பேசர் வாங்க முடியாத வீடுகளுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலே கைகொடுக்கும் என்று கேப் டவுனில் சோதித்து 1999இல் எழுதியிருக்கிறார்கள்.

பி.டி. பீரியடில் பையனை மர நிழலில் உட்காரவைக்கிறார்களாம். "ஓடட்டும். ஓட முடியலன்னா மருந்து பத்தலன்னு அர்த்தம். வெளையாடறதுக்கு முன்னாடி நீலப் பம்பு போட்டுக்கலாம், சாருக்கு நான் எழுதித் தர்றேன்."

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும் என்று அம்மா கேட்டாள். நீலம் போட்டும் அடங்காவிட்டால், நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால் வந்துவிட வேண்டும். விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால் நொடியும் தாமதிக்கக் கூடாது.

"ராத்திரியில ஆட்டோ கெடைக்காதே மேடம்?"

"ஆட்டோ தேடவே வேணாம்மா. 108க்கு அடிச்சிட்டு, வண்டி வர்ற வரைக்கும் ஸ்பேசர்ல நீலத்தப் போட்டுக்கிட்டே இரு. அவன படுக்க வைக்காத, நிமுந்து உக்காரட்டும்."